சாவி யார் கையில்?

(சேலத்தில் நடைபெற்ற கலை இலக்கியக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தறியின் ஓசையைச் சற்றே நிறுத்திவிட்டுக் குமாரபாளையத்திலிருந்தும், இராசிபுரத்திலிருந்தும், இளம்பிள்ளையிலிருந்தும் வந்து குழுமியிருக்கும் என் அருமைத் தோழர்களே!

‘கலையும் கழகமும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நாடகம் எழுதுகிறவன், மேடை கண்டால் விடமாட்டான், நாலு அடுக்குமொழி பேசுவான், நாமும் கைதட்டிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று எண்ணி வந்திருப்பீர்களானால், உங்களை ஏமாற்றப் போகிறேன். இன்று நான் ஒரு வீடு கேட்க வந்திருக்கிறேன். வீடும் வேண்டும்; அதன் சாவியும் வேண்டும்.

எனக்கா? எனக்கு வாடகை வீடு இருக்கிறது. மாதம் பிறந்தால் வீட்டுக்காரரும் இருக்கிறார். (சிரிப்பு)

நம் சுவர்களுக்கு நாவு தந்தானே ஒருவன், நினைவிருக்கிறதா? ஊர் உறங்கும் நள்ளிரவில், ஒரு கையில் சுண்ணாம்பு வாளியும் மறு கையில் தூரிகையுமாக ஏணியில் ஏறி, விடிவதற்குள் நெடுஞ்சுவரிலே உதயசூரியனை உதிக்க வைத்தானே, அவனுக்குக் கேட்கிறேன். மாநாட்டுப் பந்தலின் முகப்பிலே முப்பதடி உயரத்தில் அண்ணாவின் முகத்தைத் துணியில் தீட்டித் தூக்கி நிறுத்தினானே, அவனுக்குக் கேட்கிறேன். நாமக்கல்லிலே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், பலகை பலகையாய்ப் பறவையும் மலையும் பூவும் வரைந்து, தன் கைவண்ணத்தைக் காசுமீரம்வரை ஓடவிட்டுத் தான்மட்டும் பட்டறை வாசலைத் தாண்டாமல் இருந்தானே, அவனுக்குக் கேட்கிறேன்.

அவன் இன்று எங்கே? 2000-க்குப் பின், நெகிழித் துணியில் பொறியே படம் அச்சடித்துத் தரும் ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் அவன் எழுதிய பதாகையை ஒரு மணி நேரத்தில் பொறி துப்பியது. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தூரிகை பிடித்த கை வெள்ளையடிக்கப் போயிற்று, விசைத்தறிக்குப் போயிற்று, கோழிப்பண்ணைக்குப் போயிற்று. பொறியை உடையுங்கள் என்று நான் சொல்லவில்லை. தறிக்கு மின்சாரம் வந்த நாளிலேயே அந்தப் பேச்சின் பயனின்மையைக் கண்ட ஊர் இது. ஆனால், கூலிக்காக எழுதிய எழுத்து போனபின்பு, அந்தக் கைக்குள்ளே எஞ்சியிருக்கும் கலை எங்கே போகும்? உட்கார ஓர் இடம் இல்லாத கலை எத்தனை நாள் உயிரோடிருக்கும்?

இடம்! இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் கலைஞனின் வரலாறே சுழல்கிறது. நாமக்கல் மலையைக் காணாதவர் இங்கே இருக்க முடியாது. அந்தக் கல்லைக் குடைந்து, சுவரெங்கும் சிற்பம் நிறைத்த இரு குடைவரைகள் உண்டு. 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் ஆக்குவித்தவை. பக்திக்காகப் போகிறவர் போகட்டும். நான் கல்லைப் பார்க்கப் போகிறவன். குடைவித்தவன் குணசீலன் என்று கல்வெட்டுக் கூறுகிறது. குடைந்தவன் யார்? உளி பிடித்தவன் பெயர் என்ன? கல் வாய் திறக்கவில்லை. இடம் மன்னனுடையது, ஆகவே பெயரும் மன்னனுடையது. மன்னன் போனான், மடாதிபதி வந்தான். அவன் போனான், வெள்ளைக்காரன் வந்தான். அவனும் போனான், கடைக்காரன் வந்தான். கதவுக்குக் கதவு காவலன் மாறினான். கலைஞன் மட்டும் வாசற்படியிலேயே நின்றான்.

அதே நாமக்கல்லுக்கு அருகில், மோகனூரில், 1888-ஆம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. வெ. இராமலிங்கம் என்று பெயர். நாமக்கல் கவிஞர் என்று நாடறிந்தவர். அவர் நம் கட்சியினர் அல்லர், காங்கிரசுக்காரர். அதனால் என்ன? நம் மண்ணின் மைந்தர். கவிதைக்கு முன்பே அவர் ஓவியர். உருவப்படம் தீட்டிப் பிழைத்தவர். சென்னைக் கோட்டைக்குள் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது; சரி, மகிழ்ச்சி. அவர் தூரிகை தொட்ட படங்களில் எதையேனும் இங்கே அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் கண்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். (அமைதி) பெயருக்குப் பத்து மாடி கிடைத்தது, தோழர்களே. படத்துக்கு ஒரு சுவர் கிடைக்கவில்லை.

அவர் பிறந்த அதே 1888-இல், கடல் கடந்து, பிரான்சு நாட்டின் ஆர்ல் என்னும் ஊரிலே, வின்சென்ட் வான்கோ என்னும் ஏழை ஓவியன் ஒரு மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்தான். ஓவியர் பலர் ஒன்றாய் வாழ்ந்து, ஒன்றாய் வரைந்து, ஒருவரை ஒருவர் தாங்கும் கூடமாக அதை ஆக்கவேண்டும் என்று கனவு கண்டான். வந்தவர் ஒரே ஒருவர், கோகென். ஒன்பது வாரம் இருந்தார்; சண்டை மூண்டது; போய்விட்டார். வான்கோ மருத்துவமனைக்குப் போனான். கனவு கலைந்தது. அவன் அழைத்த பேர் வரவில்லை. அவனிடம் காசு இல்லை. காசு அனுப்பியவன் தம்பி ஒருவனே. ஒருவன் சட்டைப்பையை நம்பி ஊர் எழுப்ப முடியுமா?

அந்தக் கனவு நனவான இடம் எது தெரியுமா? பாரிசா? இலண்டனா? சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம்! (கைதட்டல்)

கே. சி. எசு. பணிக்கர் என்று ஓர் ஓவியர். 1911-இல் பிறந்தவர், தந்தித் துறையில் வேலை பார்த்துக் குடும்பம் காத்தவர். இருபத்தைந்து வயதில், அதாவது நம் இளைஞர்கள் ‘இனி என்ன படிப்பு’ என்று கைவிரிக்கும் வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பிற்காலத்தில் அந்தப் பள்ளிக்கே முதல்வரானார் பணிக்கர். அவர் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கிய ஆண்டு 1944. அந்த ஆண்டைச் சேலத்துக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுமா? நீதிக் கட்சி தன் பழைய சட்டையைக் கழற்றித் திராவிடர் கழகமாய் எழுந்தது இந்தச் சேலத்தில், அதே 1944-இல்! அங்கே நிறம் கிளர்ச்சி செய்தது. இங்கே இனம் கிளர்ச்சி செய்தது. ஒன்றுக்கொன்று சொல்லி வைத்துக்கொண்டு செய்ததல்ல. காலம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர் வெளியே வந்தனர். தேர்ந்த கை, திறந்த கண், காலி வயிறு. படத்தை வாங்குவார் இல்லை. விளம்பர நிறுவனத்துக்குப் போ, பள்ளிக்கூடத்தில் கோடு போடச் சொல்லிக்கொடு, இரண்டும் இல்லையேல் ஊருக்குத் திரும்பு. பணிக்கர் பார்த்தார். அரசிடம் மனுப் போடலாம். போட்டால் பதில் வரும், பணம் வராது. செல்வரிடம் போகலாம், போனால் பணம் வரும், ‘என் மாமனார் படத்தை வரை’ என்ற ஆணையும் கூடவே வரும். ஆகவே அவர் கைத்தொழிலைத் தேடினார். 1960-களின் தொடக்கத்தில் ஓவியரைக் கூட்டிக் கைவினைச் சங்கம் அமைத்தார். பகலின் ஒரு பகுதி வயிற்றுக்காகக் கைவினை. எஞ்சிய பொழுதெல்லாம் யாருக்கும் அஞ்சாத ஓவியம்.

என்ன கைவினை? அதிலே முதன்மையானது பத்திக். சாயப்பட்டறைத் தோழர்கள் செவிசாய்க்க வேண்டும், இது உங்கள் தொழிலுக்கு உடன்பிறப்பு. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிடுவர், சாயத்தில் தோய்ப்பர், மெழுகு படிந்த இடத்தைச் சாயம் தீண்டாது, பின் மெழுகை உருக்கி எடுத்தால் உருவம் எழும். இரண்டாம் சாயத்துக்கு மீண்டும் மெழுகு, மூன்றாம் சாயத்துக்கு மீண்டும் மெழுகு. சாவகத் தீவிலே தழைத்த கலை. நம் கிழக்குக் கரையிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் துணி ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் போய்ச் சேர்ந்த அதே சாவகம்! நம் துணி அங்கே போயிற்று. அவர்கள் தொழில்முறை இங்கே வந்தது. அதை விற்ற காசு தமிழகத்தில் ஓவியனுக்கு மண் வாங்கித் தந்தது. பண்பாட்டுப் பரிமாற்றம், பண்பாட்டுப் பரிமாற்றம் என்று தூதரகத்துத் தேநீர் விருந்துகளில் பேசுகிறார்களே, அதற்கு இதைவிடக் கைகண்ட சான்று எனக்குத் தெரியாது.

1953-இல், தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றது நம் கழகம். அண்ணா திருச்சித் தெருவில் இறங்கி விற்றார். ‘தலைவன் துணி விற்பதா’ என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. பத்தாண்டு கழித்து, ‘ஓவியன் கைக்குட்டை விற்பதா’ என்று பணிக்கரையும் ஏளனம் செய்தார்கள். ஏளனத்துக்கு எப்போதும் ஒரே முகம்தான். விற்ற காசில் ஒரு பங்கு பொதுநிதிக்குப் போயிற்று. அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் ஏறத்தாழ பத்து ஏக்கர் மணல்வெளி வாங்கப்பட்டது. 1966-இல் எழுந்தது ஓவியர் கிராமம். பெயர் சோழமண்டலம். அந்தப் பெயரைத்தான் ஐரோப்பியன் நாக்கு கோரமண்டலமாக்கியது. ஓவியர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

முப்பது, நாற்பது பேர். மணலில் குடிசை போட்டார்கள். அவரவர் மனை அவரவருக்கு. அரங்கமும் பட்டறையும் பொதுவுக்கு. நிர்வாகம் பார்த்தவர்கள் அவர்களே. கணக்கு எழுதியவர்கள் அவர்களே. சண்டை போட்டுக்கொண்டவர்களும் அவர்களே. சேனாதிபதி, நந்தகோபால், பி. எசு. நந்தன், சுல்தான் அலி, அரிதாசன், வாசுதேவ், ஜெயபால பணிக்கர் என்று எத்தனையோ பெயர்கள். தமிழன், மலையாளி, கன்னடன், தெலுங்கன். திராவிட நாட்டுக்கு வரைபடம் தேடிக்கொண்டிருந்த காலத்திலே, பத்து ஏக்கரில் ஒரு சிறு திராவிட நாட்டை நிறுவிவிட்டார்கள் அந்த ஓவியர்கள். (கைதட்டல்) விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் அங்கிருந்து பாரிசுக்குப் போய் அங்கேயே நிலைத்தார்கள். பாரிசிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்துக்கு வந்தார்கள். யார் யாருக்கு விருந்தாளி? இரண்டு பக்கமும் சமம். சொந்த வீடு உள்ளவனுக்குத்தான் விருந்தாளியை வரவேற்கும் பெருமை உண்டு.

இவர்களுள் ஒருவரைப்பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கே. இராமானுசம். பேச்சுத் திக்கும், மனநோய் வாட்டும். உறவும் ஊரும் பயனற்றவன் என்று ஒதுக்கிய உயிர். பணிக்கர் அவரை அழைத்து வந்து இடம் கொடுத்தார். கருப்பு மையிலே அந்த மனிதர் கண்ட கனவு நகரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? மாடமும் கோபுரமும் பாம்பும் பறவையும் பின்னிப் பிணைந்து, கோட்டுக்குள் கோடாக, ஒரு மூச்சுக்கூட வெளியே சிந்தாத சித்திரங்கள். நடுவிலே தொப்பி அணிந்த ஒரு சிறிய மனிதன் இருப்பான். அது அவரேதான், தெருவில் கிடைக்காத மரியாதையைத் தாளில் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டார். 1973-இல், முப்பதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே, தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அந்த இடம் அவரை முழுதாகக் காப்பாற்றிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடம் இல்லாதிருந்தால் அந்தப் படங்கள் இல்லை. நம் ஊரிலும் எத்தனை இராமானுசங்கள் பேருந்து நிலையத் தூணில் கரியால் கிறுக்கிக்கொண்டிருக்கிறார்களோ, யார் கண்டது?

‘தம்பி, இதெல்லாம் பணக்காரன் கலை; புரியாத படம்; வெளிநாட்டு மோகம்’ என்று பெரியவர் ஒருவர் கூட்டத்துக்கு வரும் வழியிலேயே என்னிடம் சொன்னார். அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஐயா, காலையில் சேலத்துச் சவ்வரிசிப் பாயசம் குடித்தீர்களே, அந்த மரவள்ளி யாருடைய கிழங்கு? தென் அமெரிக்கக் கிழங்கு! இரண்டாம் உலகப் போரில் கப்பலில் வரும் சவ்வரிசி நின்றபோது, சேலத்துக்காரர்கள் தங்கள் மண்ணில் விளைந்த கிழங்கை அரைத்துத் தொழிலாக்கினார்கள். 1981-இல் அதற்கென்று கூட்டுறவுச் சங்கமே கண்டார்கள். இன்று அதை அயல்நாட்டுப் பண்டம் என்று யாராவது சொன்னால் ஆத்தூர்க்காரர் அடிக்க வருவார். (சிரிப்பு) மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை, மே நாளில் நாம் மாலையிடும் சிலை, யார் வடித்தது? தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்கத்தவர். வங்கத்தவன் கை நம் உழைப்பாளியை வடித்தது. அவரது பள்ளியில் பயின்ற தமிழன் தனபால், பெரியாரைச் சிற்பமாய் வடித்தார். கலையின் சாதகத்தைப் பார்த்துச் சாதி கேட்கிறவர்களோடு நமக்கென்ன பேச்சு?

அரசு உதவவே கூடாது என்றும் நான் வாதாடவில்லை. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். போசு கிருஷ்ணமாச்சாரி, ரியாசு கோமு என்னும் இரண்டு ஓவியர்கள் 2012 டிசம்பர் 12 அன்று கொச்சியிலே உலகக் கலைவிழாவைத் தொடங்கினர். கொச்சிக் கோட்டையின் பழைய பண்டகசாலைகள் ஓவியக் கூடங்களாயின. ஆட்சி மாறியது, காங்கிரசு அணியும் தந்தது, இடதுசாரி அணியும் தந்தது. ஆனால் எந்தப் படம் தொங்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அமைச்சரல்லர். ஒவ்வொரு முறையும் ஓர் ஓவியரே தேர்வாளர்: 2014-இல் சித்தீசு கல்லாட், 2016-இல் சுதர்சன் செட்டி, 2018-இல் அனிதா துபே, 2022-இல் சிங்கப்பூரின் சுபிகி ராவ். குறைகளும் உண்டு, கடனும் உண்டு, பூசலும் உண்டு. அதை நீட்ட நேரமில்லை.

ஈழத்தைச் சொல்லாமல் மேலே போக முடியுமா? 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது இங்கே எரியாத நெஞ்சு ஏது? போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், 2000-இல் கொழும்பிலே ‘தீர்த்த’ என்ற பெயரில் ஓவியர்கள் தாமே ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். போர் ஓய்ந்திருந்த இடைவெளியில், 2004-இல், அதே யாழ் நூலகத்தில் ‘அகம் புறம்’ என்ற பெயரில் கலைக்காட்சி நடந்தது. எரிந்த சுவருக்குள் படம் தொங்கியது! இரு தரப்பு அரசியலாரும் உட்கார மறுத்த ஒரே பாயில் ஓவியர்கள் உட்கார்ந்தார்கள். நம்மைப்போன்ற பேச்சாளர்களால் ஆகாத காரியம், தோழர்களே. நாம் போயிருந்தால் முதலில் மேடை யாருக்கு என்று கேட்டிருப்போம்.

சோழமண்டலம் சொர்க்கபுரி என்று எண்ணிவிடாதீர்கள். பெண் கலைஞர்கள் மிகச் சிலரே. அர்னவாசு போன்ற ஓரிரு பெயர்களைத்தான் சொல்ல முடிகிறது. பணிக்கர் 1977-இல் மறைந்தார். மணல்வெளி கிழக்குக் கடற்கரைச் சாலையாயிற்று. குடிசை நின்ற மனைக்குக் கோடிகளில் விலை வந்தது. நிறுவிய தலைமுறை மூத்தது. சிலர் மறைந்தனர், சிலர் போயினர். புதிய ஏழை ஓவியன் அங்கே மனை வாங்க நினைக்கவும் முடியாது. 2009-இல் அருங்காட்சியகமும் தற்காலக் கலை மையமும் திறந்தார்கள். பயனுள்ள பணிதான், ஆனால் அருங்காட்சியகத்தில் படம் குடியிருக்கும், ஓவியன் குடியிருக்க முடியாது. எனக்குத் தெரிந்த பாடம் இது: மனையைத் தனித்தனியே பிரித்தது கிராமத்தை நிறுவ உதவியது, நீட்டிக்க உதவவில்லை. நாம் செய்யும்போது இடம் முழுதும் பொதுவாகவே இருக்கட்டும்.

நாமா? ஆம், நாம்தான். இந்த வட்டாரத்தில் விதை இல்லாமலில்லை. மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலே, கூத்தாடியாகவும் எழுத்தாளராகவும் விளங்கும் மு. அரிகிருஷ்ணன், ‘மணல்வீடு’ என்று இதழ் கண்டு, கூத்துக் கலைஞருக்காகக் ‘களரி’ என்று ஓர் அமைப்பும் கண்டார். விடிய விடியக் கூத்து, தோற்பாவை, பொம்மலாட்டம் என்று இந்த மண்ணில் அடிகட்டும் கலைஞர்களுக்கு அவர்களுள் ஒருவரே அமைத்த களம். பெரும்புரவலர் பலகை எதுவும் தொங்காமல் எழுந்த களம். ஓவியருக்கு அப்படி ஒன்று சேலத்திலும் வேண்டும், நாமக்கல்லிலும் வேண்டும்.

இடத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் மாடியைத் திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று? கீழே கேரம் பலகை. மேலே போன தேர்தலின் கொடிக்கம்பும் உடைந்த நாற்காலியும். அந்த மாடியைத்தான் கேட்கிறேன். பத்தாண்டுக்கு எழுதிக் கொடுங்கள். சுவர் எழுதிய கைகளும், லாரிப் பலகை எழுதிய கைகளும், கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியக் கல்லூரி முடித்து ஊர் திரும்பிய பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உட்காரட்டும். ஓர் அறை விருந்தாளிக்கு. கொச்சியிலிருந்தும் வரட்டும், யாழ்ப்பாணத்திலிருந்தும் வரட்டும், சாவகத்திலிருந்தும் வரட்டும். மாதாமாதம் கணக்கை வாசலில் ஒட்டட்டும். திறப்பு விழாவா? வேண்டாம். கல்வெட்டா? ஐயோ, அது வேண்டவே வேண்டாம். குணசீலன் பெயர் ஒன்று போதும், இந்த வட்டாரத்துக் கல்லுக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும். இங்கேதான் உங்கள் புருவம் உயர்கிறது, எனக்குத் தெரிகிறது. நம் மாடியில் உட்கார்ந்துகொண்டு நம்மையே கேலி செய்து படம் போட்டால்?

போடட்டும்! 1954-இல் நாடகச் சட்டம் என்று ஒன்று பிறந்ததே, எதற்காக? எம். ஆர். ராதாவின் வாயை அடைக்க. காவலர் அனுமதி தந்தால்தான் திரை விலகும் என்று நிலை வந்தபோது, நம் இயக்கத்து நடிகன் சிறைக்கும் அஞ்சாமல் மேடை ஏறினான். அந்தத் தடியடியின் தழும்பு உள்ள உடம்பு நம்முடையது. தழும்பு உள்ளவன் தடியை எடுக்கலாமா? தலைவர் படத்தை வரைந்தால்தான் மாடி உண்டு என்று ஒரு கிளைச் செயலாளர் சொல்வாரேயானால், அவருக்கு ஓவியர் தேவையில்லை. ஃப்ளெக்ஸ் கடை போதும். மணி ஒன்றுக்கு ஒரு தலைவர் அச்சாகி வருவார்.

மின் கட்டணத்தை யார் கட்டுவது என்று முன்வரிசைத் தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி, இத்தனை நேரத்தில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி. முதல் ஆறு மாதம் நான் கட்டுகிறேன். வரும் மாதம் இராசிபுரத்தில் நடக்கும் என் நாடகத்தின் வசூல் அதற்கு. அதற்குமேல் அவர்களே ஈட்டுவார்கள். இளம்பிள்ளைச் சேலைக்கு மெழுகு வைத்துச் சாயமிட்டால் வாங்கமாட்டேன் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். மாடி உள்ள படிப்பகங்களின் பெயரும் நீள அகலமும் எழுதிய தாளைக் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் நிற்கும் தம்பியிடம் கொடுங்கள். கூரை ஒழுகினால் அதையும் எழுதிவிடுங்கள். மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும்.